சமூகப் பணியாளர் கொள்கை மாற்றத்துக்காக வேலை செய்யலாமா? எங்கே தொடங்குவது?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்கிறேன். ஓய்வூதிய மனு, நலவாரியப் பதிவு, பள்ளிச் சேர்க்கை என்று குடும்பம் குடும்பமாக உதவுகிறோம். ஆனால் அதே பிரச்சினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கொள்கை மாற்றத்துக்காகக் குரல் கொடுப்பதும் சமூகப் பணியாளரின் கடமை என்று பாடத்தில் படித்தேன். அது கட்சிகளும் சங்கங்களும் செய்கிற வேலை இல்லையா? என்னைப் போன்ற ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

‘அதே பிரச்சினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே காரணத்தைச் சொல்லிப் பல பேருடைய மனுவைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்றால் கோளாறு அந்த மனுதாரர்களிடம் இல்லை. ஏதோ ஒரு விதியில், ஒரு படிவத்தில், ஓர் அரசாணையின் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடிப்பது, அதை மாற்ற அதிகாரம் உள்ளவரிடம் ஆதாரத்தோடு கொண்டுபோவது, மாறும்வரை விடாமல் பின்தொடர்வது: கொள்கைப் பணி, அட்வகசி என்று பாடத்தில் படித்தீர்களே, அது இவ்வளவுதான். இது நம் வேலைதான். அந்த வரி ஒரு குடும்பத்தை எப்படி வதைக்கிறது என்பது தலைமைச் செயலகத்தில் இருப்பவரைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. தெரிந்தும் மனு எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் அந்த அறிவு உங்கள் கேஸ் ஃபைலுக்குள்ளேயே கிடந்து வீணாகும்.

இது வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கும் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தபோது தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவர முயன்றார். 1930 வாக்கில், போக இடமில்லாத சிறுமிகளுக்காக ஔவை இல்லத்தையும் தொடங்கினார். கையில் ஒரு குழந்தை, மேசையில் ஒரு மசோதா. இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் செய்ததில் நமக்கு மிகவும் பயன்படுவது இந்து அறநிலையச் சட்டத்தில் 1929ல் வந்த திருத்தம் என்பேன். கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். அதனால் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விட வேண்டிய நெருக்கடி. அந்தத் திருத்தம் ஊழியக் கட்டாயத்தை எடுத்துவிட்டு நிலத்தை அவர்களிடமே விட்டது. அதாவது ‘ஒழிக’ என்று சொல்வதற்கு முன்னால் எந்தக் கட்டு அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்து, முதலில் அதை அவிழ்த்தார்கள். முழுத் தடைச் சட்டம் 1947ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். தடைச் சட்டத்தை எதிர்த்த தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் என்னவாகும் என்று அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு அன்று போதிய பதில் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களில் ஒரு பகுதியினர் நம் கோரிக்கையை எதிர்க்கலாம். அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நம் காலத்து உதாரணம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையின் எல்லாக் கட்டங்களும் அதில் இருக்கின்றன. தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ மதுரை விளக்குத்தூண் பக்கமோ ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீர்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருள், முதுகுவலி. இப்படி ஒரு பெண் உங்களிடம் வந்தால் கேஸ் ஒர்க் (ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உதவும்) முறையில் என்ன செய்வீர்கள்? அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவீர்கள், வேறு வேலை தேடித் தருவீர்கள். அந்த இடத்துக்கு அடுத்த நாளே இன்னொரு பெண் வந்து நிற்பாள்.

இப்போது விதியைத் தேடிப் பாருங்கள். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டு வேலை செய்பவர்களுக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது. ஆனால் ஜவுளிக்கடை தொழிற்சாலை அல்ல. அது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்ற வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. 2021 வரை அதில் இருக்கையைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. பல்லாயிரம் பெண்களின் கால் வலிக்குக் காரணம் இந்த ஒரு வரி இல்லாமல் போனதுதான். அதைப் பார்த்துவிட்டால் கோரிக்கை மிகச் சின்னதாகச் சுருங்கிவிடுகிறது: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஏற்கெனவே இருக்கிற உரிமையைக் கடைத் தொழிலாளிக்கும் கொடுங்கள்.

கேரளத்தில் இந்தக் கோரிக்கை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பியது. விஜி என்ற தையல் தொழிலாளி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். அதில் சேர்ந்த கூட்டுத்தான் பிறகு உட்காரும் உரிமையைக் கையில் எடுத்தது. 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2019ல் இந்த யோசனை மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியத்தின் முன் வந்து ஒருமனதாக ஏற்கப்பட்டது. 2021 செப்டம்பரில் மசோதா சட்டமன்றத்துக்கு வந்து, 22-அ என்ற புதுப் பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. இடையில் ஆட்சியே மாறியிருந்தது. ஆனாலும் கோப்பு சாகவில்லை, ஏனென்றால் அது ஒரு கட்சியின் கோரிக்கையாக இல்லாமல் தொழிலாளர், முதலாளி, அரசு மூன்று தரப்பும் உட்காரும் வாரியத்தின் முடிவாகப் பதிவாகியிருந்தது. ‘இது கட்சி வேலை இல்லையா’ என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். கட்சிகள் வரும், போகும். பதிவான முடிவு தங்கும். அதைப் பதிவாக வைப்பது நம்மால் முடிகிற காரியம்.

சரி, உங்கள் நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு எதைச் செய்வது?

கடந்த வருடத்து ஃபைல்களை எடுங்கள். ஒவ்வொரு மனுவும் எந்தக் காரணத்தால் நின்றது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘அதிகாரி அலைக்கழித்தார்’ என்று எழுதாதீர்கள். என்ன சான்றிதழ் கேட்டார், எந்த விதியைக் காட்டினார், வாய்மொழியாகச் சொன்னாரா எழுத்தில் கொடுத்தாரா என்று எழுதுங்கள். இதைச் செய்து முடித்ததும் ஃபைல்கள் தாமாகவே பிரியும். சிலவற்றில் விதியே தப்பு. சிலவற்றில் விதி நன்றாக இருக்கிறது, ஆனால் விதியில் இல்லாத ஒரு ஆவணத்தைக் கீழே இருப்பவர்கள் கேட்கிறார்கள். இன்னும் சிலவற்றில் விதியும் சரி, ஆவணமும் சரி, ஆனால் நிதி ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. மூன்றுக்கும் போக வேண்டிய வாசல் வேறு வேறு. முதலாவதுக்குத் தலைமைச் செயலகம். இரண்டாவதுக்கு மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும். மூன்றாவதுக்கு வரவுசெலவுத் திட்டம். இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்ப்பாட்டத்தில் முழங்கினால் யாருக்கும் எதையும் செய்யத் தோன்றாது.

முதியோர் ஓய்வூதியத்தில் இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2023ல் இது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மத்திய அரசின் திட்டத்தில் வருகிறவர்களுக்கு டெல்லியின் பங்கு 60 வயது முதல் 79 வரை 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். மீதி மாநிலத்தின் பணம். ‘ஓய்வூதியத்தை உயர்த்து’ என்று தாசில்தார் அலுவலக வாசலில் கேட்பதால் பயனில்லை. அவரால் முடிந்தது தகுதியுள்ளவரின் மனுவை ஏற்பது. தொகையை உயர்த்த மாநில நிதித் துறை சம்மதிக்க வேண்டும். அந்த 200 ரூபாயை உயர்த்த நாடாளுமன்ற உறுப்பினர் டெல்லியில் பேச வேண்டும்.

அப்புறம் மூல ஆவணத்தைப் படியுங்கள். நம் துறையில் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான்: திட்டத்தைப் பற்றிய துண்டறிக்கையை எல்லோரும் படிக்கிறோம், அரசாணையைப் படிப்பதில்லை. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கை (துறைக்கான நிதிக்கு ஒப்புதல் கேட்கும்) விவாதத்தின்போது சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. அது தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் துறையின் குறிப்பை வருடா வருடம் படித்தாலே எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

அதில் இல்லாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்படி ஒரு சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, 1997ல். அதில் விதிவிலக்குகள் அதிகம் இருந்ததால் பெரிதாகப் பயன்படவில்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரிலிருந்து கிராமங்களில் மக்கள் மன்றம் கூட்டி, பஞ்சாயத்துக் கணக்கைச் சத்தமாக வாசித்தது. ‘என் பெயரில் கூலி எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த வேலைக்கே போகவில்லை’ என்று ஆட்கள் எழுந்து சொன்னார்கள். 1996ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. அந்த வேகத்தில் வளர்ந்த இயக்கத்திலிருந்துதான் 2005ஆம் வருட மத்தியச் சட்டம் வந்தது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ‘இந்த வட்டத்தில் இந்த நிதியாண்டில் வந்த மனுக்கள் எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, தள்ளுபடிக் காரணம் பதிந்த பதிவேட்டின் நகல்’ என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்.

ஆதாரத்துக்கு என்ன பலம் உண்டு என்பதற்குத் துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கையால் மலம் அள்ளுவதை 1993லேயே சட்டம் தடை செய்தது. அதன்பிறகு மாநிலங்கள், எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை என்று எழுதிக் கொடுக்கத் தொடங்கின. இந்த இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான பெஜவாடா வில்சனும் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் (துப்புரவுத் தொழிலாளர் இயக்கம்) தோழர்களும் 2003ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த உலர் கழிப்பிடத்தில், யார் அள்ளுகிறார் என்று படத்தோடு அடுக்கினார்கள். அரசின் ‘இல்லை’க்கு எதிராக ஊரும் தெருவும் போட்ட பட்டியல் நின்றது. 2013ல் புதுச் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993லிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது 30 லட்சமானது. இறந்தவர் பெயரையும் நாளையும் இடத்தையும் யாரோ ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் பல குடும்பங்களால் அந்தத் தொகையைக் கேட்க முடிந்தது. களப்பணியாளரின் பதிவேடு அவ்வளவு பெரிய காரியம்.

பட்டியல் தயாரானதும் குறிப்பு எழுத வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தடிமனான அறிக்கை போட்டு, சென்னையில் அரங்கம் எடுத்து வெளியிடுவதற்குச் செலவழிக்கிற பணமும் உழைப்பும் எனக்கு வருத்தம் தருகிறது. செயலகத்தில் கோப்பு உதவிப் பிரிவு அலுவலர் நிலையிலிருந்து மேலே நகர்கிறது. அங்கே முதல் குறிப்பை எழுதுபவர் உங்கள் தாளிலிருந்து நேரடியாக எடுத்து எழுத முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த அரசாணை, எந்தப் பத்தி, இப்போது என்ன வாசகம், அதனால் யார் விடுபடுகிறார்கள், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும், கூடுதலாக எவ்வளவு செலவாகும், வேறு எந்த மாநிலத்தில் இப்படி இருக்கிறது. செலவுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நிதித் துறை கேட்கும் முதல் கேள்வி அதுதான். பதில் இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

எப்போது கொண்டுபோவது என்பதும் முக்கியம். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது என்றால் துறைகள் அதற்குப் பல மாதம் முன்பே தங்கள் தேவைகளை எழுதத் தொடங்கிவிடும். மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் துறையின் ஆணையர் அலுவலகத்தில் உங்கள் குறிப்பு இருக்க வேண்டும். மானியக் கோரிக்கை நடக்கும்போது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கமும் கொடுங்கள். ஊர் அளவில் கிராம சபை இருக்கிறது, வருடத்துக்கு ஆறு நாள். அங்கே நிறைவேறும் தீர்மானம் சட்டம் ஆகாது, ஆனால் உங்கள் குறிப்போடு இணைக்க அதைவிட நல்ல தாள் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் பதிவு எண்ணை மறக்காமல் வாங்குங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். மேடையிலும் அதிகாரியின் அறையிலும் யார் பேசுவது? படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்று நாம் முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். பாதிக்கப்பட்ட அம்மா பின்வரிசையில், கடைசியில் புகைப்படத்துக்கு மட்டும். இது கூடாது. அவர் பேசட்டும். சட்டப் பிரிவு எண்ணை நீங்கள் சொல்லுங்கள், வாழ்க்கையை அவர் சொல்லட்டும். போவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து என்ன கேட்பார்கள், எதைச் சொல்ல விருப்பம், எதைச் சொல்ல விருப்பமில்லை என்று பேசிவிடுங்கள். சம்மதம் என்பது ஒரு கையெழுத்து அல்ல. ஜவுளிக்கடைப் பெண் வெளியே பேசினால் வேலை போகலாம், விடுதியிலிருந்து வெளியேற்றப்படலாம், ஊரில் பெற்றோரிடம் முகவர் போய் மிரட்டலாம். இதையெல்லாம் அவருக்குச் சொல்லி, பின்வாங்க முழு உரிமை உண்டு என்றும் சொல்லி, அதன்பிறகும் அவர் ‘பேசுகிறேன் அக்கா’ என்றால்தான் கூட்டிப்போக வேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், வயது, கடை இருக்கும் தெரு மூன்றையும் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சங்கங்களோடு சேருவதற்குத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994ல் வந்ததற்குப் பின்னால் சங்கங்களின் பல வருடப் போராட்டம் இருக்கிறது. 1996ல் மத்தியச் சட்டமும், கட்டடச் செலவில் நலநிதிக்கான வரியும் வந்ததும் அப்படித்தான். அவர்களிடம் ஆள்பலமும் பேரம்பேசும் அனுபவமும் இருக்கின்றன. உங்களிடம் குடும்பம் குடும்பமாகச் சேர்த்த விவரம் இருக்கிறது. பதிவு இணையவழிக்கு மாறியபோது, ஆதாரில் பழைய தொலைபேசி எண் இருந்ததால் ஓ.டி.பி. வராமல் நின்றவர்களைப் போன்ற சிக்கல்கள் களத்தில் இருப்பவருக்கே முதலில் தெரியும். அதைச் சங்கத்திடம் கொடுங்கள், அவர்கள் வாரியக் கூட்டத்தில் எழுப்புவார்கள்.

உங்கள் நிறுவனம் பயப்படலாம். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு, அதை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது, தேர்தலில் யாருக்கும் வேலை செய்யக் கூடாது. ஆனால் கட்சி நோக்கம் இல்லாமல் மக்களின் உரிமைக்கு ஆதரவாக நிற்பதற்காக மட்டும் ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று தண்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் இன்சாஃப் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் இயக்குநரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேசலாம். அரசுத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவராக இருந்தால் பத்திரிகைக்குப் பேச முடியாது. அப்போதும் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் தள்ளுபடிக் காரணங்களின் அட்டவணையை வைக்க யாரும் தடுக்க முடியாது. அது அலுவல் முறைப்படியான வேலை, பல நேரம் அதுவே போதும்.

கடைசியாக ஒன்று. வெற்றி விழாவோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 22-அ பிரிவு வந்து வருடங்கள் ஆகின்றன. இன்றும் எத்தனை ஜவுளிக்கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறது என்று நீங்களே போய்ப் பார்க்கலாம். சில கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன் மேல் துணிக்கட்டு இருக்கும். சட்டத்தில் ‘பொருத்தமான இருக்கை வசதி’ என்று இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒரு ஸ்டூல் போதுமா, கண்காணிப்பாளர் முறைத்தால் அது வசதியா என்பதெல்லாம் ஆய்வின்போது கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் கடந்த நிதியாண்டில் இந்தப் பிரிவின் கீழ் எத்தனை கடைகளை ஆய்வு செய்தார், எத்தனை நோட்டீஸ் கொடுத்தார் என்று ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். முதல் மனுவை இதிலேயே எழுதிப் பழகலாம். பதில் 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.